நான்கு ஆண்டில் நாடி பிடிக்க வருமா?

தஞ்சைத் தரணியில் ஆற்றங்கரை ஊர் எதற்கு வேண்டுமானாலும் போய், "இங்கே மிலிட்டரிக்காரர் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டையேனும் காட்டாமல் அனுப்ப மாட்டார்கள். அவர் தரைப்படையில் இருந்தாரா, விமானப்படையில் இருந்தாரா, கப்பற்படையில் இருந்தாரா என்ற ஆராய்ச்சி ஊருக்குத் தேவையில்லை. சீருடை போட்டவரெல்லாம் மிலிட்டரிக்காரர்தான்! அந்த வீட்டில், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது மட்டும் இடம் பெயரும் டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கும். பெட்டிக்குள் பழைய சீருடை, அதற்கடியில் டிஸ்சார்ஜ் புத்தகம், அதற்கும் அடியில் ஒரு சிறு டப்பி. டப்பிக்குள் பதக்கம்.

பதக்கம் என்றதும் நம்மவர்களுக்குப் போர்க்களம்தான் நினைவுக்கு வரும். பீரங்கி முழங்கியதா, எதிரி எத்தனை பேர் வீழ்ந்தார்கள் என்று கேட்பார்கள். மிலிட்டரிக்காரர் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றிவிடுவார். ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் இருப்பது வீரப் பதக்கமன்று, நெடுஞ்சேவைப் பதக்கம். 9 ஆண்டு உழைத்தவருக்கு ஒன்று, 20 ஆண்டு உழைத்தவருக்கு மற்றொன்று. இவ்விரண்டும் 1971-ல் ஏற்படுத்தப்பட்டவை. 30 ஆண்டு உழைத்தவருக்கென்று பின்னர் இன்னொன்றும் வந்தது. தங்கமில்லை, வெள்ளியுமில்லை, செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். அதற்காக மாதந்தோறும் பணம் வருகிறதா என்றால் அதுவும் கிடையாது. பதக்கத்தின் விளிம்பில் மட்டும், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய அளவில், அவருடைய எண், பதவி, பெயர்.

இந்தப் பதக்கத்தை நெஞ்சில் தாங்கியவர்களில் ஒரு வகையினரைப் பற்றி இன்று எழுதுகிறோம். கப்பலில் துப்பாக்கி ஏந்தாதவர். பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்காதவர். ஆனால் அடிபட்டவன் கண் திறந்ததும் முதலில் தேடும் முகம் அவருடையது. மருத்துவ மாலுமி! பெயர் சொல்லப் போவதில்லை. ஒருவரின் கதையென்றால் பெயர் வேண்டும். இது பலருடைய கதை.

இந்தப் பதக்கத்தின் மூதாதை இங்கிலாந்தில் பிறந்தது. நான்காம் வில்லியம் அரசனாக இருந்தபோது, 1831-ல், கப்பற்படைச் சாதாரண மாலுமிக்கென்று ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். அதன் பெயரே "நெடுஞ்சேவைக்கும் நன்னடத்தைக்கும்" என்பதுதான். ஒரு பக்கம் முடியும் நங்கூரமும். மறுபக்கத்தின் நடுவில் மாலுமியின் பெயர். அதைப் பெற 21 ஆண்டு உழைத்தாக வேண்டும். கசையடி வழக்கத்தில் இருந்த காலம் அது. உப்பிட்ட இறைச்சியும் புழுத்த ரொட்டியும் உணவாயிருந்த காலம். அந்தக் கப்பலில் ஒருவன் 21 ஆண்டு தாக்குப் பிடித்தான் என்றால், பதக்கம் தருவதில் வியப்பில்லை. ஆள் உயிரோடு இருந்தான் என்பதுதான் வியப்பு! பிற்காலத்தில் அந்தக் கெடுவைக் குறைத்து 15 ஆண்டு என்று ஆக்கினார்கள்.

அந்தப் பழைய கப்பல்களில் நோயாளியைக் கவனிக்கும் பையனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு: 'லாப்லாலி பையன்'. லாப்லாலி என்றால் வேறொன்றுமில்லை, கஞ்சி. நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பவன் ஆகையால் கஞ்சிப் பையன். கை கால் அறுக்கும்போது துள்ளாமல் பிடித்துக்கொள்வதும், இரத்த வாளியை ஏந்துவதும், வழுக்காமலிருக்கத் தரையில் மணல் தூவுவதும் அவன் வேலையே. ஆனால் பெயர் வந்தது கஞ்சியால்.

காவிரிக் கரைக்காரர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. காய்ச்சல் கண்டால் நொய்க் கஞ்சி, வயிறு கெட்டால் வடித்த கஞ்சியில் ஒரு கல் உப்பு. இது பாட்டிமார் வைத்தியம். வாந்தி பேதியில் வற்றிப் போகும் உடலுக்கு உப்பும் நீரும் மாவுச்சத்தும் கலந்து கொடுத்தால் உயிர் தங்கும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. இங்கிலீஷ்காரன் கப்பலில் கஞ்சி சுமந்த பையனும், நம் வீட்டில் கஞ்சி காய்ச்சிய கிழவியும் ஒரே தொழில் செய்தவர்கள்தாம். அந்தப் பையனுக்குப் பிற்காலத்தில் பதக்கம் கிடைத்தது. கிழவிக்கு அதுவும் கிடைக்கவில்லை!

கஞ்சிப் பையன் காலம் போய், முறையாகப் பயின்ற மருத்துவ மாலுமி காலம் வந்தது. இன்றைய இந்தியக் கப்பற்படையில் அவருக்கு 'மெடிக்கல் அசிஸ்டெண்ட்' என்று பெயர். ஒரிசாக் கரையில் சில்கா ஏரியோரம் உள்ள பயிற்சித் தளத்தில் முதலில் மாலுமியாகிறார். பிறகு பம்பாயில், கொலாபாவில், 'அஸ்வினி' என்ற கப்பற்படை மருத்துவமனையில் தொழில் பழகுகிறார். காயம் கட்டுவது, ஊசி போடுவது, மருந்து கலப்பது, எலும்பு முறிந்தால் அணை கட்டுவது, அறுவைக் கூடத்தில் கருவி எடுத்துக் கொடுப்பது, குடிநீரையும் சமையற்கட்டையும் சோதிப்பது - இத்தனையும் ஒரே ஆளின் தலையில்.

பெரிய கப்பலில் டாக்டர் இருப்பார். சிறிய கப்பலில்? அங்கே மருத்துவ மாலுமிதான் டாக்டர், அவர்தான் கம்பவுண்டர், அவர்தான் நர்ஸ். கரை ஒரு நாள் தூரத்தில் இருக்கும்போது ஒருவனுக்கு நெஞ்சு வலித்தால், அது வாயுவா மாரடைப்பா என்று முதலில் சொல்ல வேண்டியவர் அவர். 'வாயு' என்று சொல்லித் தப்பினால் ஓர் உயிர் போகும். 'மாரடைப்பு' என்று சொன்னால் கப்பலே திரும்ப வேண்டும். தலைவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தத் துணிவு புத்தகத்தில் இல்லை. நூறு நெஞ்சுவலியைப் பார்த்த பிறகு வருவது.

இதற்குச் சான்றாக உலகம் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். அமெரிக்கக் கப்பற்படை. 1942 செப்டம்பர் 11. 'சீட்ராகன்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் தென்சீனக் கடலில், எதிரியின் கடற்பரப்பில் இருக்கிறது. டேரல் ரெக்டர் என்ற 19 வயது மாலுமிக்குக் குடல்வால் அழற்சி. அறுக்காவிட்டால் சாவு, அறுப்பதற்கு டாக்டர் இல்லை. இருந்தவர் வீலர் லைப்ஸ் என்ற மருத்துவ மாலுமி. வயது 23-ஐத் தாண்டாத இளைஞர். அறுவையின்போது பக்கத்தில் நின்று உதவியிருக்கிறார்; தாமே கத்தி எடுத்ததில்லை. அதை நோயாளியிடம் மறைக்காமல் சொன்னார். பையன் சம்மதித்தான். தலைவரும் சம்மதித்தார்.

கப்பலை 120 அடி ஆழத்துக்கு இறக்கினார்கள். மேலே இருந்தால் அலை ஆட்டும். அதிகாரிகள் சாப்பிடும் மேசைதான் அறுவை மேசை. கீறிய வயிற்றை விரித்துப் பிடிக்கச் சமையலறைக் கரண்டிகளை வளைத்துக் கொண்டார்கள். மயக்க மருந்து கொடுக்கத் தேநீர் வடிகட்டி. கத்தியில் அலகு உண்டு, பிடி இல்லை. இடுக்கியில் அலகைப் பொருத்தி அறுத்தார் லைப்ஸ். கருவிகளைத் தூய்மை செய்ய டார்பிடோவிலிருந்து எடுத்த சாராயம்! ஆளைக் கொல்லும் கருவியின் எரிபொருளில் ஓர் ஆளைக் காப்பாற்றும் கருவியைக் கழுவினார்கள். இரண்டு மணிக்கும் மேலாக நடந்தது. பையன் பிழைத்தான், இரண்டு வாரத்துக்குள் வேலைக்குத் திரும்பினான்.

செய்தி எழுதிய பத்திரிகைக்காரருக்கு அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு கிடைத்தது. அறுத்தவருக்கு? மேலிடத்து மருத்துவர்களுக்குக் கோபம்தான் வந்தது. பட்டம் பெறாதவன் வயிற்றைக் கிழிப்பதா என்று. அதே ஆண்டு டிசம்பரில் வேறு இரண்டு நீர்மூழ்கிகளிலும் மருத்துவ மாலுமிகள் இதே அறுவையைச் செய்தார்கள் என்பது நினைவில் இருக்கட்டும். கடலுக்கு அடியில் குடல்வால் பட்டதாரிக்காகக் காத்திருப்பதில்லை. லைப்ஸுக்குப் பாராட்டுப் பதக்கம் கிடைத்தது எப்போது தெரியுமா? 2005 பிப்ரவரியில். 62 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து! ஏப்ரலில் அவர் காலமானார். காப்பாற்றப்பட்ட ரெக்டரோ 1944-லேயே, 'டாங்' என்ற நீர்மூழ்கியில், அக்கப்பல் விட்ட டார்பிடோவே திரும்பி வந்து தாக்கியதில் மாண்டுபோனான்.

இதைப் படித்துவிட்டு, மருத்துவ மாலுமி வாழ்வென்றால் நாள்தோறும் இப்படித்தான் என்று யாரும் எண்ண வேண்டாம். லைப்ஸ் போன்றவருக்கு வாழ்நாளில் ஒரு முறை அந்த மணி வருகிறது. மற்ற நாட்களில் வருவது வேர்க்குரு, படர்தாமரை, பல்வலி, கடல் நோய், எண்ணெய்ச் சட்டி சுட்ட கை, இரும்புக் கதவில் நசுங்கிய விரல். வீட்டிலிருந்து கடிதம் வராத பையனின் தலைவலி என்றும் ஒன்று உண்டு. அதற்கு மாத்திரை எதுவென்று அனுபவசாலிக்குத்தான் தெரியும். இவற்றுக்கு யாரும் வீரப் பதக்கம் தருவதில்லை. தரக்கூடியது ஒன்றே ஒன்று: இத்தனை ஆண்டு இருந்தாய், பார்த்துக் கொண்டாய் என்று சொல்லும் நெடுஞ்சேவைப் பதக்கம்.

2004 டிசம்பர் 26-ஐ நாகப்பட்டினத்துக்காரர்களிடம் போய் நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த ஒரு மாவட்டத்திலேயே 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கடல் கொண்டது. அப்போது இந்தியக் கப்பற்படை ஒரே நேரத்தில் பல கரைகளுக்குப் போயிற்று: தமிழகம், அந்தமான், இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா. கடலை அளக்கும் கப்பல்களான 'ஜமுனா', 'நிரூபக்' ஆகிய இரண்டையும் மருத்துவமனைக் கப்பல்களாக மாற்றினார்கள். கப்பலை மாற்றுவது எளிது. தச்சனும் மின்கம்பிக்காரனும் இருந்தால் போதும். படுக்கை போட்டபின் அந்தப் படுக்கைக்கருகே நிற்க ஆள் வேண்டுமே! சீழ் பிடித்த காயத்தையும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயையும் ஒரே கையால் தாங்கத் தெரிந்த ஆளை எங்கே போய் அவசரமாகச் செய்வது? அவர்கள் முன்னமே செய்யப்பட்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில்.

2020-ல் கொரோனா உலகை முடக்கியபோதும் அப்படியே. 'ஜலாஷ்வா' என்ற கப்பல் கொழும்பிலிருந்தும் மாலத்தீவிலிருந்தும் ஈரானிலிருந்தும் நம்மவரைத் தூத்துக்குடிக்கு ஏற்றி வந்தது. ஈரானிலிருந்து ஜூலை முதல் நாள் வந்திறங்கிய 687 பேரில் தமிழக மீனவர்கள் பலர். ஒவ்வொருவர் உடற்சூட்டையும் பார்த்து, இருமியவரைப் பிரித்து வைத்து, அதே காற்றை மூச்சிழுத்துக்கொண்டு வந்தவர்கள் யார்? பெட்டிக்குள் டப்பி வைத்திருக்கப் போகிறவர்கள்தாம்.

சரி, காவிரிப் படுகைப் பையன் ஏன் கடலுக்குப் போகிறான்? நெல் விளையும் நாட்டில் பிறந்தவனுக்குக் கப்பலில் என்ன வேலை? நெல் விளைகிறது என்பது உண்மை. யாருக்கு விளைகிறது என்பதுதான் பழைய கேள்வி. பண்ணையாளுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வேண்டியிருந்த மண் இது. அந்தச் சட்டம் 1952-ல்தான் வந்தது. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் முடிவில், கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த மண்ணும் இதுதான். மேட்டூர் சூன் 12-ல் திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் சம்பா, அதுவும் பொய்த்தால் திருப்பூர் என்று வாழும் வீட்டில், மாதச் சம்பளமும் பின்னால் ஓய்வூதியமும் தரும் வேலை என்றால் தாய் நகையை அடகு வைத்தாவது மகனைத் தேர்வுக்கு அனுப்புவாள்.

மற்றுமொரு செய்தி. இது கணக்கில் வராதது. ஊரில் எவன் கை பட்டால் தீட்டு என்றார்களோ அவன் பிள்ளை, கப்பலில் எல்லார் நாடியையும் பிடிக்கிறான். எந்தச் சாதிக்காரன் காயமானாலும் அவன்தான் கட்ட வேண்டும். எந்த மதத்துக்காரன் நாக்கானாலும் அவன்தான் நீட்டச் சொல்ல வேண்டும். தெருவில் கிடைக்காத சமத்துவம் 'சிக் பே' என்று மாலுமிகள் அழைக்கும் அந்தச் சின்ன அறையில் கிடைக்கிறது. ஓய்வு பெற்று அதே தெருவுக்கு அவன் திரும்பும்போது பழைய மாதிரி ஒதுங்கி நடப்பதில்லை. 15, 20 ஆண்டு நிமிர்ந்து நின்ற முதுகு அவ்வளவு எளிதில் வளையாது.

மருத்துவப் பணியாளருக்குச் செய்ய வேண்டியதைச் செய்வது நமக்குப் புதிதுமன்று. இராசராசனின் தமக்கை குந்தவை, தந்தை சுந்தர சோழன் பெயரால் தஞ்சையில் இருந்த ஆதுலசாலைக்கு நிலம் விட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. கடாரத்துக்குக் கப்பல் அனுப்பியதை மேடைதோறும் முழங்குகிறோமே, அதே சோழர் குலம்! வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு இன்னும் விளக்கமானது. 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை. வைத்தியர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை பறித்து மருந்து காய்ச்சுவோர் இருவர், நோயாளிக்குப் பணிவிடை செய்யும் பெண்டிர் இருவர். ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு இத்தனை கலம் நெல், இத்தனை காசு என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அரசர் காலத்தை நாம் கொண்டாட வரவில்லை. நிலத்தை உழுதவனுக்கு அந்தக் கல்லில் என்ன வெட்டினார்கள் என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனால் பணிவிடைப் பெண்டிரின் கூலிகூட அடுத்த ஆண்டு மாறாமலிருக்கக் கல்லில் ஏறியது. இன்றைக்குக் காகிதத்தில் ஏறவே தயங்குகிறது.

இங்கேதான் நமது வழக்கைச் சொல்ல வேண்டும்.

2022 சூன் 14 அன்று மத்திய சர்க்கார் 'அக்னிபத்' என்றொரு திட்டத்தை அறிவித்தது. முப்படைக்கும் சாதாரணச் சிப்பாய், மாலுமி, விமானப்படை வீரர் சேர்க்கை இனி 4 ஆண்டுக்குத்தான். முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரை வைத்துக்கொள்வோம், மற்றவர்கள் ஏறத்தாழ 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஓய்வூதியம் இல்லை, கிராசூட்டி இல்லை. கப்பற்படையின் முதல் அக்னிவீரர் அணி, ஏறத்தாழ 2,600 பேர், பெண்களும் உட்பட, 2023 மார்ச் 28 அன்று சில்காவில் பயிற்சி முடித்து அணிவகுத்தது.

கணக்குப் பெரிய கணக்கில்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. நெடுஞ்சேவைப் பதக்கங்களில் மிகச் சிறியதற்கே 9 ஆண்டு வேண்டும். இவர்களுக்கு இருப்பதோ 4. ஓய்வூதியத்துக்கு 15 ஆண்டு வேண்டும். இருப்பதோ 4! நூற்றுக்கு 75 பேர் பதக்கத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதி வழிகூட வராமல் இறக்கிவிடப்படுவார்கள். நெடுஞ்சேவை என்ற சொல்லையே நான்கில் மூவருக்கு இல்லாமலாக்கிவிட்டு, நாட்டுப்பற்றைப் பற்றிச் சொற்பொழிவு மட்டும் குறையாமல் நடக்கிறது.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் சொல்கிறார்கள். படை இளமையாக இருக்க வேண்டும். சராசரி வயது 4, 5 ஆண்டு குறையும். ஊருக்குத் திரும்பும் இளைஞர் ஒழுங்கும் தொழிலும் கற்று வருவர் என்கிறார்கள். வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கிறோம். மலையேறும் காலுக்கு இளமை வேண்டும்தான். ஆனால் ஓய்வூதியச் செலவைக் குறைப்பது நோக்கமில்லை என்று யாராவது சொன்னால், எருமை வாங்கியவன் பாலுக்காக வாங்கவில்லை என்று சொல்வதைப் போலத்தான் இருக்கிறது. போகட்டும். காலுக்கு இளமை வேண்டும், கைக்கு? நாடி பிடிக்கும் கைக்கு எது வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நாம் விடை சொல்ல வேண்டாம், கப்பற்படையே சொல்லிவிட்டது. 2024-ல் மருத்துவ உதவியாளர் மாலுமிகளுக்கென்று தனியே ஒரு விளம்பரம் வந்தது. 12-ம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்த, மணமாகாத ஆண்கள் விண்ணப்பிக்கலாம் என்றது. அது அக்னிவீரர் சேர்க்கையா? இல்லை! பழைய முறைப்படியான மாலுமிச் சேர்க்கை. படிப்படியாக மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர் வரை உயரலாம் என்றும் வழி காட்டியது. காரணம் இன்னதென்று முழங்கி யாரும் அறிக்கை விடவில்லை. விட மாட்டார்கள். மருத்துவம் பழகியவனை 4 ஆண்டில் கழற்றிவிட்டு, அடுத்தவனுக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினால் கப்பல் தாங்காது என்பதுதான் பொருள் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். வேறு பொருள் இருந்தால் டெல்லி சொல்லட்டும்.

அப்படியானால் அடுத்த கேள்வி தானாக எழுகிறது. மருத்துவ மாலுமிக்கு ஆண்டுகள் வேண்டும் என்றால், எந்திர அறையில் நிற்பவனுக்கு வேண்டாமா? கடலடி ஒலியைக் காதால் பிரித்து, இது திமிங்கிலம், இது எதிரி என்று சொல்பவனுக்கு வேண்டாமா? குறுவைக்குப் பதம் பார்த்து நாற்றுப் பறிக்கவே நாலு போகம் அடிபட வேண்டும் என்று நம் விவசாயத் தொழிலாளி சொல்வார். கப்பல் என்ன, நாற்றங்காலைவிட எளிதா?

குறுகிய காலத்துக்கு ஆளெடுத்துக் கைகழுவிய கதை இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. 1939-ல் போர் தொடங்கியபோது வெள்ளையர் நடத்திய இந்தியக் கப்பற்படையில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. 1945-ல் அது 25,000-ஐத் தாண்டியிருந்தது. சென்னை மாகாணத்துப் பையன்களும் அந்த வெள்ளத்தில் சேர்ந்தவர்கள். ஆசை வார்த்தை சொல்லிச் சேர்த்தவர்கள், போர் முடிந்ததும் பைகட்டச் சொன்னார்கள். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் 'தல்வார்' தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கெட்ட சோற்றைப் பற்றியும் வெள்ளை அதிகாரியின் வசவைப் பற்றியும் மட்டுமா பேசினார்கள்? படையிலிருந்து அனுப்பப்படுபவர்களுக்கு மறுவாழ்வு என்ன என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அன்று கேட்டது அந்நியனை. இன்று கேட்பது நம்மவரை; அதனால் கேள்வியின் கூர் குறைய வேண்டுமா என்ன?

இனி ஊருக்கு வருவோம். 15 அல்லது 20 ஆண்டு முடித்த மருத்துவ மாலுமி, மன்னார்குடியிலோ திருத்துறைப்பூண்டியிலோ பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். வயது நாற்பதைத் தொட்டிருக்காது. அடுத்த வீட்டு ஆயா வந்து, "தம்பி, மூணு நாளா காய்ச்சல், ஒரு ஊசி போட்டுவிடேன்" என்கிறாள். அவர் கைக்கு ஊசி தெரியும். சட்டம் தெரிந்த தலை தடுக்கிறது. "ஆயா, நான் டாக்டரு இல்ல. வாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று வண்டியை எடுக்கிறார். சரியான செயல்தான். போலி வைத்தியராக மாறாத நேர்மையை நாமும் பாராட்டுகிறோம். ஆனால் அந்த நேர்மைக்கு ஊர் தரும் வேலை என்ன? வங்கி வாசலில் காவல்! ஆயிரம் காயங்களைக் கட்டிய கையில் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொடுத்து, பணம் எடுக்க வருபவரை வரிசையில் நிற்கச் சொல்லும் வேலை.

இதைவிடப் பெரிய விரயம் உண்டா? 2008-லிருந்து தமிழகத்தில் 108 வண்டி ஓடுகிறது. நோயாளியோடு பின்னால் உட்கார்ந்து வரும் பணியாளர் செய்வதும், சிறு கப்பலில் மருத்துவ மாலுமி செய்ததும் ஒரே வேலைதான். ஒன்று தண்ணீரில் ஆடும், மற்றொன்று நமது சாலையில் அதைவிட அதிகமாக ஆடும்! 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வேதாரணியத்து உப்பளக் குடியிருப்புக்கும் கோடியக்கரைக்கும் போக மனமுள்ள ஆளைத் தேடும்போது, ஆறு மாதம் கரையையே காணாமல் இருந்து பழகியவரைக் கூப்பிட்டால் மறுக்கவா போகிறார்?

நாம் கேட்பது சலுகையன்று. கடற்படை தந்த பயிற்சியையும் அவர் உழைத்த ஆண்டுகளையும் மருத்துவப் பணியிடத் தகுதியோடு ஒப்பிட்டு, எது சமம், எதற்கு இன்னும் சில மாதப் படிப்பு வேண்டும் என்று தெளிவாக எழுதி ஓர் ஆணை போடலாம். குறையுள்ள பாடத்தைத் தஞ்சை மருத்துவக் கல்லூரியிலேயே நடத்தலாம். 1959-ல் தொடங்கிய கல்லூரி அது. காவிரிப் படுகை முழுவதும் பிழைப்பது அதன் நிழலில். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாவட்டந்தோறும் இருக்கிறது. யார் யார் மருத்துவ மாலுமியாக இருந்தார்கள் என்று பட்டியல் எடுக்க அதற்கு ஒரு வாரம் போதும்.

டெல்லியை நோக்கிக் கேட்பது வேறு. முதல் அணி அக்னிவீரரின் 4 ஆண்டு 2026-இன் இறுதியோடு நிறைகிறது. அந்த 2,600 பேரில் எத்தனை பேர் நிறுத்தப்படுவார்கள், எத்தனை பேர் அனுப்பப்படுவார்கள், அனுப்பப்படுவோர் எந்த வேலைக்கு என்று ஊர் வாரியாக, ஆள் வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும். காவிரிப் படுகையிலிருந்து சென்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை எழுத்து மூலம் கேட்கட்டும். விடையும் எழுத்திலேயே வரட்டும். அதை இதே பக்கத்தில் அப்படியே வெளியிடுகிறோம்.